குதிருக்குப் பின்னால்

எங்கள் வீட்டில் 'எவாகுவேஷன்' என்பது ஒரு காலக்கணக்கு. எவாகுவேஷனுக்கு முந்தின வருஷம் வாங்கிய பித்தளை அண்டா, எவாகுவேஷனில் காணாமல் போன தையல் மிஷின், எவாகுவேஷன் முடிந்து வந்த தீபாவளி என்றுதான் ஆயா, அம்மாவைப் பெற்றவள், பேசுவாள். அது ஆங்கில வார்த்தை என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. ஆவணி, ஐப்பசி மாதிரி அதுவும் ஒரு மாசம் என்றே நினைத்திருந்தேன்.

1942 ஏப்ரலில் கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது சென்னைதான் என்று அரசாங்கமே நம்பிற்று. போக முடிந்தவர்கள் போய்விடுங்கள் என்றார்கள். அலுவலகங்கள் பல உள்மாவட்டங்களுக்குப் பெயர்ந்தன. மிருகக்காட்சிசாலையில் கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்த என் தாத்தா, மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் காஞ்சீபுரம் வரை ரயிலிலும் அதற்கப்பால் மாட்டு வண்டியிலும் அனுப்பி, செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆயாவின் அக்கா வீட்டில் சேர்த்தார். அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. இரண்டு மாசத்தில் ஆயா கைக்குழந்தையோடு பட்டணம் திரும்பிவிட்டாள். தாத்தாவுக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டும். அம்மாவை மட்டும் பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். 'ஒரு மாசத்தில் வந்து அழைத்துப்போகிறேன்' என்றது ஒன்றரை வருஷமாயிற்று. பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்த கதை. இதை ஒரு கதையாகக்கூட நான் மதித்ததில்லை.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் ஆரம்பத்திலும் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் பொறுக்கித் திரிந்த கூட்டத்தில் நானும் ஒருவன். (1985இல் அது எரிந்துபோனபோது நாங்கள் துக்கம் காத்த விதத்தை வேறொரு சமயம் எழுதலாம்.) காஃப்காவையும் காம்யுவையும் தேடிப்போன இடத்தில், ஒன்றாகக் கட்டி வைத்திருந்த ஐந்து புத்தகத்தில் ஒன்றாக, நைனா பாடன் எழுதிய 'கேரிஸ் வார்' என்ற பஃபின் பதிப்பு என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. குழந்தைகள் புத்தகம். எங்கள் வட்டத்தில் குழந்தை இலக்கியம் என்றால் ஒரு புன்னகை உண்டு. முயல், ஆமை, கடைசியில் நீதி. அதற்குமேல் அதில் யோசிக்க ஏதுமில்லை என்பது எங்களுக்குள் ஒரு சம்மதம். நான் அதை ஒரு மத்தியானத்தில் படித்து முடித்து, பிடித்திருந்ததை யாரிடமும் சொல்லாமல், அலமாரியின் பின்வரிசையில் வைத்தேன்.

அதன் பிறகு, கிடைத்தபோதெல்லாம் இந்த வகைப் புத்தகங்களைப் படித்துவந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இது தனியாக ஒரு வகை என்றே சொல்லலாம்: யுத்தத்தின்போது நகரத்திலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் கதை. கழுத்தில் பெயர்ச்சீட்டு, தோளில் அட்டைப்பெட்டியில் விஷவாயு முகமூடி, ரயில், தெரியாத ஊர், தெரியாத வீடு, மாடு, மழைச் சேறு. அந்தச் சீட்டு குழந்தைகளின் கற்பனையில் எவ்வளவு ஆழத்தில் போய் ஒட்டிக்கொண்டது என்றால், 1958இல் மைக்கேல் பாண்ட் ஒரு கரடிக்குட்டியை லண்டன் ரயில் நிலையத்தில் உட்கார வைத்தபோது அதன் கழுத்திலும் ஒரு சீட்டு தொங்கிற்று. யுத்த காலத்தில் தான் பார்த்த பிள்ளைகளின் ஞாபகம் அது என்று அவரே சொல்லியிருக்கிறார். பாடிங்டன் கரடியை வேடிக்கை என்று நினைத்து வாங்கிக் கொடுக்கிறவர்கள் எத்தனையோ பேர். அது ஒரு அகதி.

நடந்தது இது. 1939 செப்டம்பர் 1ஆம் தேதி, யுத்தப் பிரகடனத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, பிரிட்டனில் நகரங்களிலிருந்து ஆட்களை வெளியேற்றத் தொடங்கினார்கள். மூன்று நாளில் சுமார் 15 லட்சம் பேர். அவர்களில் 8 லட்சத்துக்கும் மேல் தாய் தகப்பனில்லாமல், ஆசிரியர்களோடு போன பள்ளிப்பிள்ளைகள். இந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர் 'பைட் பைப்பர்'. குழலூதி ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் அழைத்துக்கொண்டு போனவன். அந்தக் கதையில் பிள்ளைகள் திரும்பி வருவதில்லை. இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்த அதிகாரி கதையை முழுக்கப் படிக்கவில்லையா, அல்லது எல்லோரையும்விட நன்றாகப் படித்தவனா என்று எனக்குச் சந்தேகம். வைத்துக்கொண்ட வீட்டுக்காரர்களுக்கு ஒரே பிள்ளையென்றால் வாரத்துக்கு பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ், ஒன்றுக்கு மேலென்றால் தலைக்கு எட்டரை ஷில்லிங் அரசாங்கம் கொடுத்தது. குண்டு விழவில்லை. 1940 ஜனவரிக்குள் பாதிக்கு மேல் ஊர் திரும்பிவிட்டார்கள். அந்த செப்டம்பரில்தான் லண்டன்மேல் குண்டுமழை ஆரம்பித்தது. மறுபடி ரயில், மறுபடி சீட்டு.

கிராமத்து வீடுகளில் பெரிய கூச்சல் எழுந்தது. தலையில் பேன், படுக்கையில் மூத்திரம், தட்டில் சாப்பிடத் தெரியவில்லை. நகரத்துச் சேரியை இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கம் முதல்முறையாகத் தன் சொந்தப் படுக்கை விரிப்பில் சந்தித்தது என்று சொல்லவேண்டும். ஈவ்லின் வா தன் நாவலொன்றில் (1942) இதை வைத்து ஒரு குரூரமான நகைச்சுவை செய்தார்: தாங்கவே முடியாத மூன்று பிள்ளைகளை வீடு வீடாகக் கொண்டுபோய் விட்டு, திரும்ப அழைத்துக்கொள்ளப் பணம் வாங்கும் ஒரு கனவான். பெரியவர்கள் இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோது பிள்ளைகளின் பக்கம் யார் பேசினார்கள் என்பதுதான் கேள்வி. கிட்டி பார்ன் எழுதிய 'விசிட்டர்ஸ் ஃப்ரம் லண்டன்' 1940இலேயே வந்து கார்னெகி பதக்கம் வாங்கியது. ஆனால் அது வரவேற்கும் வீட்டுப் பிள்ளைகளின் கண்ணால் பார்த்த கதை. வந்து சேர்ந்தவர்களின் கண்ணால் பார்க்க, அந்தப் பிள்ளைகளே வளர்ந்து பேனா பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஸி. எஸ். லூயிஸ் விஷயம் வேறு. 1939இல் அவர் வீட்டிலும் இப்படிப் பிள்ளைகள் வந்து தங்கினார்கள். 1950இல் வந்த அவருடைய புகழ்பெற்ற கதையில் நான்கு பிள்ளைகள் விமானத் தாக்குதலுக்காக லண்டனிலிருந்து ஒரு பேராசிரியர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். அங்கே ஓர் அலமாரிக்குள் நுழைந்து வேறு உலகத்துக்குப் போய்விடுகிறார்கள். யுத்தத்துக்கு ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அந்த அலமாரியைப் பற்றி மதவாதிகள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே. வேற்றார் வீட்டில் விடப்பட்ட குழந்தை ஒளிந்துகொள்ள இடம் தேடும். அலமாரி சரியான இடம்.

இந்தக் கதைகளிலெல்லாம் ஒரு காட்சி வரும். கிராமத்துப் பொதுக்கூடம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் வந்து பார்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். தோள் அகலமான பையன்கள் விவசாயிகளுக்கு. சுருட்டை முடியும் சுத்தமான சட்டையும் உள்ள பெண்கள் நல்ல வீடுகளுக்கு. கண்ணாடி போட்டவன், மூக்கு ஒழுகுகிறவன், தம்பியின் கையை விடமாட்டேன் என்கிற அக்கா, இவர்கள் கடைசியில் நிற்பார்கள். இது கற்பனையில்லை, போய்வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் சொன்ன அனுபவம். சந்தையில் மாடு பிடிக்கிறது மாதிரி இருந்தது என்றே பலர் சொல்லியிருக்கிறார்கள். யாராலும் வேண்டப்படாமல் நிற்கும் அந்தச் சில நிமிஷங்களில் ஒரு குழந்தை தன்னைப் பற்றி என்ன தெரிந்துகொள்கிறது? நல்ல புத்தகம், நல்லதில்லாத புத்தகம் என்பதை நான் இந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். சாதாரண எழுத்தாளன் இங்கே குழந்தையை அழவைப்பான். தெரிந்தவன் அதை நல்ல பிள்ளையாக நடிக்கவைப்பான்.

1981இல் மிஷெல் மகோரியனின் 'குட்நைட் மிஸ்டர் டாம்' வந்தது. இன்றுவரை இந்த வகையில் பலருக்கும் பிரியமான புத்தகம் இதுவாகத்தான் இருக்கும். லண்டன் டெட்ஃபோர்டிலிருந்து வில்லி என்கிற நோஞ்சான் பையன் ஒரு கிராமத்தில், மனைவியையும் குழந்தையையும் பல வருஷம் முன் பறிகொடுத்துவிட்டு யாரோடும் பேசாமல் வாழும் கிழவர் டாம் வீட்டுக்கு வருகிறான். உடம்பெல்லாம் அடித்த தழும்பு. அவனை அடிப்பதற்கென்று அம்மா பெல்ட்டையும் மூட்டையில் வைத்து அனுப்பியிருக்கிறாள். கிழவர் அடிக்கவில்லை. ஈரமான விரிப்பை ஒவ்வொரு காலையிலும் பேசாமல் துவைத்துப் போடுகிறார். பையன் எழுதப் படிக்கிறான், படம் போடுகிறான், ஒரு நாள் விரிப்பு காய்ந்திருக்கிறது. இந்தப் பகுதியை எழுதிய கைக்கு நான் தலை வணங்குகிறேன். பிறகு அம்மா கூப்பிட்டனுப்ப, லண்டன் போகிறான். கிழவர் அவனைத் தேடிப்போய்க் கண்டெடுக்கும் நிலைமையை இங்கே விவரிக்க விரும்பவில்லை. அம்மா பைத்தியம், தற்கொலை செய்துகொள்கிறாள். பையன் கிழவருக்கே பிள்ளையாகிறான்.

எனக்கு இதில் ஒரு மனஸ்தாபம் உண்டு. கிராமத்தில் குழந்தை சந்தோஷமாக இருந்துவிட்டது. அங்கேயே இருக்க ஆசைப்படுகிறது. அந்த ஆசையை எப்படி நியாயப்படுத்துவது? பெற்றவளைப் பேயாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. 2015இல் வந்த கிம்பர்லி ப்ரூபேக்கர் ப்ராட்லியின் 'தி வார் தட் சேவ்ட் மை லைஃப்' கதையிலும் இதுதான்: கால் வளைந்த பெண் குழந்தையை ஜன்னலுக்கு வெளியே தலைகாட்டவிடாமல் அடைத்து வைத்திருந்த தாய், கென்ட் கிராமத்தில் ஒரு நல்ல பெண்மணி, ஒரு குதிரைக்குட்டி. இரண்டும் மோசமான புத்தகங்களில்லை. கொடுமைக்கார அம்மாக்கள் உலகத்தில் இல்லாமலுமில்லை. ஆனால் அந்த 8 லட்சம் பேரில் பெரும்பாலோருடைய அம்மாக்கள், ஸ்டேஷன் வாசலில் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவிய சாதாரணப் பெண்கள். அவர்களுடைய பிள்ளைகள் வேறொரு வீட்டில், வேறொருத்தி கையால் சாப்பிட்டு, அவள் கையே பிடித்துப்போனதென்றால், அதைச் சொல்ல இந்தக் கதைகளில் இடமில்லை. தாய் அரக்கியாக இருந்தால்தான் பிள்ளைக்கு வேறிடத்தில் பிரியம் வைக்க அனுமதி. குழந்தைக்கு ஆறுதல் சொல்கிற சாக்கில் பெரியவர்கள் தங்கள் மனசாட்சியைத் தேற்றிக்கொள்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

1939 டிசம்பரிலேயே ஜான் பௌல்பி, வினிகாட், இமானுவல் மில்லர் என்ற மூன்று மருத்துவர்கள், சின்னக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரிப்பதன் ஆபத்தைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். லண்டன் ஹாம்ஸ்டெட்டில் யுத்தகாலக் குழந்தைகள் இல்லம் நடத்திய அன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்ஹாமும், குண்டைவிடப் பிரிவுதான் குழந்தையை அதிகம் உலுக்குகிறது என்று கண்டு எழுதினார்கள். சரி. பிரிவைப் பற்றி எழுதிவிட்டார்கள். பிரிவு பழகிப்போவதைப் பற்றி?

இங்கேதான் எனக்கு நைனா பாடன் முக்கியமாகிறார். 1925இல் பிறந்தவர்; பள்ளிக்கூடத்தோடு வெளியேற்றப்பட்டு, பிறகு வேல்ஸில் அபர்டேர் என்ற சுரங்க ஊரில் இருந்தவர். 'கேரிஸ் வார்' 1973இல் வந்தது. கேரி, தம்பி நிக், வேல்ஸில் ஒரு மளிகைக்கடைக்காரர் வீடு. அந்த கவுன்சிலர் எவன்ஸ், மாடிப்படிக் கம்பளம் தேய்ந்துபோகும் என்று பிள்ளைகளைப் பகலில் மாடி ஏறவிடாதவர். அவருக்குப் பயந்து பயந்து ஒடுங்கிப்போன தங்கை லூ. ஊருக்கு வெளியே பள்ளத்தில் ஒரு பழைய வீடு. அங்கே ஹெப்ஸிபா என்ற பெண், கணப்பு, சோறு, கதை. மேலே சாகக் கிடக்கும் எவன்ஸின் அக்கா. சுரங்கத்தில் தகப்பன் செத்தபின் அந்தச் சுரங்க முதலாளி வீட்டிலேயே அவள் மருமகளாகப் போனதை எவன்ஸ் மன்னிக்கவேயில்லை.

இதில் பேய் கிடையாது. பிள்ளைகளின் அம்மா நல்லவள், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள், ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். அந்த ஒரு நாளை பாடன் எழுதியிருக்கிற விதம்! கேரிக்கு ஒரே பயம், தம்பி ஏதாவது புகார் சொல்லிவிடுவானோ என்று. சொன்னால் அம்மா அழைத்துப்போய்விடுவாள். அம்மா அழைத்துப்போய்விடக்கூடாது. இதைக் கேரி தனக்கே சொல்லிக்கொள்வதில்லை. அம்மா வருத்தப்படுவாளே என்பதற்காகத்தான் என்று நினைத்துக்கொள்கிறாள்.

எவன்ஸ்கூட முழு வில்லன் இல்லை. நிக் அவரை வெறுக்கிறான், கேரியால் முடியவில்லை. கஷ்டப்பட்டு மேலே வந்த மனிதன், யாருக்கும் தன்னைப் பிடிக்காது என்று தெரிந்த மனிதன். கிழவி சாகுமுன் தம்பிக்கு ஒரு சேதி சொல்லி அனுப்புகிறாள், கேரியிடம். அதைக் கேரி நல்லெண்ணத்தோடு போய்ச் சொல்கிறாள். அதுவே ஹெப்ஸிபாவை வீட்டைவிட்டு விரட்டுவதில் போய் முடிகிறது. தான் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்ற உணர்வில், அந்த வீட்டில் பரம்பரையாக இருந்த ஒரு மண்டையோட்டை, அது வெளியேறினால் வீட்டுக்குக் கேடு என்று ஐதீகம், குதிரைக்குளத்தில் எறிந்துவிடுகிறாள். மறுநாள் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகிறார்கள். போகுமுன் எவன்ஸ் அவளுக்கு ஒரு மோதிரமும் தம்பிக்கு ஒரு கத்தியும் கொடுக்கிறார். ரயில் வளைவில் திரும்பும்போது கேரி பார்க்கிறாள்: பள்ளத்தில் வீடு எரிகிறது. நான்தான், நான்தான் என்று நினைத்துக்கொண்டே முப்பது வருஷம் வாழ்ந்துவிடுகிறாள்.

யாராவது கெட்டவர்களாக இருந்தால் குழந்தை தப்பித்தது. யாருமே கெட்டவர்களாக இல்லாத இடத்தில் நடந்ததற்கெல்லாம் பொறுப்பாளி யார் என்று அது தேடும். தேடித் தேடித் தன்னிடமே வந்து நிற்கும். இதை நான் அந்தப் புத்தகத்தைப் படித்து உடனே புரிந்துகொள்ளவில்லை. 2017இல், அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயதில், கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாசம் படிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தபோது தெரிந்துகொண்டேன்.

பத்திரிகை படித்துக்காட்டச் சொன்னாள். தொடர்கதைகள் எனக்கு வாயில் வரவில்லை. பின்வரிசையிலிருந்து பாடனை எடுத்து, ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பெயர்களை அவள் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டாள். எவன்ஸ் 'கடைக்காரர்', ஹெப்ஸிபா 'பள்ளத்து வீட்டம்மா'. ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டிருந்தவள், அம்மா பார்க்க வந்த அத்தியாயத்தில் நிறுத்தினாள்.

"அம்மாவைப் பார்த்து அந்தப் பொண்ணு அழலியா?"

"இல்லம்மா. சிரிச்சுப் பேசி அனுப்பிடறா."

"அழ மாட்டா."

அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் புத்தகத்தை மூடப்போனேன். அப்போது சொன்னாள்.

இந்தக் கதையை ஆயா வாயால் நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அவளுக்கு அது ஒரு தமாஷ். 'உங்கம்மாவ இட்டாரப் போனா, என்னப் பாத்துட்டு ஓடிப்போயி ஒளிஞ்சிக்கினா. ரெண்டு நாழி தேடினேன். குதிருக்குப் பின்னால குந்திக்கினு இருந்தா. காதைப் பிடிச்சி இழுத்தாந்தேன்.' கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்கவைப்பாள். அம்மாவும் சிரிப்பாள். பட்டணத்துக் குழந்தை பட்டிக்காடாகிப் போனதன் வேடிக்கை என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா சொன்னது இது. வண்டி வரும் சத்தம் கேட்டது. யாரென்று தெரிந்துவிட்டது. அவள் அன்று பெரியப்பாவோடு கவலையில் இருந்தாள். (எங்கள் பக்கத்தில் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைப்பதற்குப் பெயர் கவலை. மாடு சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவன் வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வான். பெரியப்பா தன் முன்னால் அவளையும் உட்கார்த்திக்கொள்வாராம். அந்த வடத்தில் இறங்குவதுபோல ஒரு சுகம் ஜன்மத்தில் வேறு கண்டதில்லை என்றாள்.) அங்கிருந்து ஓடி, பின்வாசல் வழியாக வந்து, நெல் குதிருக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டாள். இடுக்கு வழியாக ஆயாவின் கால் தெரிந்தது. புதுச் செருப்பு. சொம்பில் தண்ணீர் குடிக்கிற சத்தம். 'எங்க என் பொண்ணு?' என்ற குரல்.

"பயமா இருந்ததா?"

"பயம் என்ன பயம். எனக்கு வாணாம். அவ்ளோதான்."

பெரியம்மா அடுப்படியில் இருந்தாள். குழந்தை பின்வாசலால் உள்ளே ஓடியதை அவள் பார்த்தாள். கண்ணோடு கண் பார்த்தாள். 'இங்கதான் எங்கியோ ஆடிக்கினு இருக்கும், வந்துடும், நீ சோறு துன்னு' என்று தங்கையிடம் சொல்லிவிட்டுச் சோறு போட்டாள். ஆயா தோப்புக்குப் போய்த் தேடினாள், ஏரிக்கரைக்குப் போய்த் தேடினாள். பெரியம்மா தேடவில்லை. மத்தியானம் போய் வெயில் சாய்கிற வரைக்கும் அவள் அடுப்படியை விட்டு நகரவேயில்லை. ஆயா திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்த பிறகு, பெரியம்மா குதிரண்டை வந்து நின்று, கையை நீட்டினாள். எதுவும் பேசவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா வெளியே வந்தாள்.

"ஆயா இழுத்துக்கிட்டு வரலியா அப்போ?"

"எங்கம்மாவுக்கு நான் எங்க இருந்தேன்னே தெரியாது. பெரியம்மா கையில புடிச்சிக் குடுத்தா. எங்கம்மா அதைப் பாத்தா. தெரிஞ்சிக்கினா."

அதற்கப்புறம் ஒரு லீவுக்குக்கூட அம்மாவை அந்த ஊருக்கு அனுப்பவில்லை. அக்கா தங்கைக்குள் சண்டை என்று ஏதும் இல்லை. விசேஷங்களில் பார்த்துக்கொள்வார்கள், பேசுவார்கள். அம்மா மட்டும் போகவில்லை. கேட்கவுமில்லை, கேட்டால் தன் அம்மா முகம் எப்படி மாறும் என்று அவளுக்கு ஏழெட்டு வயசிலேயே தெரிந்துவிட்டது. பெரியம்மாவிடமிருந்து கடிதமும் வந்ததில்லை.

"அவளுக்கு எழுதத் தெரியாது. தெரியும் எனக்கு. ஆனாலும் ஒரு லெட்டர் வரும்னு பாத்துக்கினே இருந்தேன்."

ஒன்று சொல்லவேண்டும். வேல்ஸ் வேறு, செய்யாறு வேறு. அங்கே அந்நியர் வீடு, வாரக்கூலி, அரசாங்க அதிகாரி. இங்கே ரத்த சம்பந்தம். அம்மாவை யாரும் கூடத்தில் நிறுத்திப் பொறுக்கி எடுக்கவில்லை. எங்கள் குடும்பங்களில் பிள்ளையில்லாத அக்காவிடம் ஒரு பிள்ளையை விட்டுவைப்பதற்கு யுத்தம்கூட வேண்டாம். இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் திரும்பி அழைத்துப்போக ஒருத்தி வந்து வாசலில் நிற்கும்போது உள்ளே நிற்கிற ஒருத்தியும் நடுவில் ஒரு குழந்தையும் என்கிற அந்த நிலை, எந்த ஊரிலும் அதுதான். வைத்துக்கொண்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்று இந்தக் கதைகள் அநேகமாகக் கேட்பதில்லை. டாம் கிழவருக்குப் பையன் கிடைத்துவிட்டான். பாடன் மட்டும் எவன்ஸைக் கவனித்திருக்கிறார். தங்கை ஓர் அமெரிக்கச் சிப்பாயோடு போய்விடுகிறாள், பிள்ளைகள் ரயிலேறிவிடுகிறார்கள். மோதிரத்தையும் கத்தியையும் கொடுத்துவிட்டு அந்த மனிதன் காலியான வீட்டில், தேயாத கம்பளத்தோடு. கொஞ்ச நாளில் செத்துப்போகிறார்.

திரும்பி வந்ததைப் பற்றி எழுதியவர், நியாயமாகச் சொன்னால், மகோரியன்தான். 1984இல் வந்த அவருடைய 'பேக் ஹோம்' அதிகம் பேசப்படாத புத்தகம். என் கணக்கில் 'மிஸ்டர் டா'மைவிட நேர்மையானது. அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட பெண் ஐந்து வருஷம் கழித்து, பன்னிரண்டு வயதில், 1945இல் இங்கிலாந்து திரும்புகிறாள். அம்மாவுக்கு இவள் அந்நியம். இவளுக்கு அம்மா அந்நியம். அக்காவென்று ஒருத்தி இருப்பதே தெரியாமல் வளர்ந்த தம்பி. பேசுகிற ஆங்கிலத்துக்கே பள்ளிக்கூடத்தில் கேலி. இங்கேயும் தாய் அரக்கியில்லை. யுத்தத்தில் வண்டி ரிப்பேர் பார்க்கக் கற்றுக்கொண்டு, தன் காலில் நின்று பழகிவிட்ட, களைத்துப்போன பெண். இருவரும் ஒருவரையொருவர் புதிதாகத் தெரிந்துகொள்ளவேண்டியிருக்கிறது. அது நடக்கிறது, சிரமப்பட்டு, பாதிதான். அம்மாவுக்கும் ஆயாவுக்கும் நடுவில் அது நடந்ததா என்று யோசிக்கிறேன். சாகும்வரை ஆயாவை அம்மாதான் பார்த்துக்கொண்டாள், ஒரு குறையில்லாமல். ஆயா ஏதாவது ஊட்டப்போனால் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள், 'குடு, நானே துன்றேன்' என்று கையில் வாங்கிக்கொள்வாள். இதை நான் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்ததாக இப்போதுதான் தெரிகிறது.

ஆயா ஏன் காதைப் பிடித்து இழுத்துவந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்? தன் கையால் கண்டுபிடித்ததாக ஒரு கதை அவளுக்கு வேண்டியிருந்தது. அம்மா ஏன் எழுபது வருஷம் கூடச் சேர்ந்து சிரித்தாள் என்பதும் அப்படித்தான். அல்லது அம்மா சொன்னதுதான் பின்னால் சேர்த்துக்கொண்டதா, நான் சொல்லிவந்த கதையின் சூட்டில் அவள் ஞாபகம் தன்னைத் திருத்திக்கொண்டதா, அதுவும் சாத்தியம். இரண்டு பேரும் இப்போது இல்லை. அம்மா 2019இல் போய்விட்டாள்.

புத்தகத்தை நான் அவளுக்கு முடிக்கவில்லை. ரயில் வளைவில் வீடு எரிகிற இடம் வந்ததும், "போதும், அதோட நிறுத்து" என்றாள். இன்னும் ஒரு அத்தியாயம் இருக்கிறது, அதுதான் முக்கியம் என்றேன். கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, மருந்து விடப் போனபோது, தானாகக் கேட்டாள்.

"அந்தப் பள்ளத்து வீட்டம்மா என்ன ஆனா?"

"சாகலம்மா. அவங்க எல்லாரும் தப்பிச்சிட்டாங்க. அங்கியேதான் இருக்காங்க. அந்தப் பொண்ணு பெரியவளாகி, தன் பிள்ளைங்கள அழைச்சிட்டு அந்த ஊருக்குப் போறா. பிள்ளைங்க முன்னால இறங்கிப் போய்ப் பார்க்குதுங்க. இருக்காங்க."

"எத்தினி வருஷம் கழிச்சிப் போனா?"

"முப்பது."

சொட்டு மருந்து கன்னத்தில் வழிந்ததைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"பெரியம்மா செத்தது அம்பத்தொண்ணுல" என்றாள். பிறகு காப்பி போடச் சொன்னாள்.